எங்கே சரியாகப் போயிற்று? ‘தி ப்ரொட்யூசர்ஸ்’ படமும் அதன் விமர்சகர்களும்

1968 மார்ச் 18 அன்று நியூயார்க்கில் ஒரு நகைச்சுவைப் படம் வெளியானது. எழுதி இயக்கியவர் மெல் ப்ரூக்ஸ். தொலைக்காட்சிக்கு நகைச்சுவை எழுதிப் பெயர் வாங்கியவர், படம் இயக்குவது அதுதான் முதல் முறை. ஊரில் மதிக்கப்பட்ட விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே படத்தின் திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது. போட்டியில் தோற்றவற்றில் ஒன்று, ஸ்டான்லி குப்ரிக்கும் ஆர்தர் சி. கிளார்க்கும் எழுதிய ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’. 1996-இல் ‘தி ப்ரொட்யூசர்ஸ்’ அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 2000-இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் வெளியிட்ட 100 சிறந்த நகைச்சுவைப் படங்களின் பட்டியலில் அதற்கு 11-ஆவது இடம்.

இந்தக் கதையைப் பொதுவாக எப்படிச் சொல்லி முடிப்பார்கள் என்பது தெரிந்ததே. விமர்சகர்களுக்குக் கண் தெரியவில்லை, காலம்தான் நியாயம் வழங்கியது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்றைய விமர்சனங்களை வைத்துக்கொண்டு இன்று படத்தைப் பார்த்தால், திட்டியவர்கள் சொன்ன குறைகள் எல்லாம் அப்படியே திரையில் இருக்கின்றன. புகழ்ந்தவர்களும் அதே குறைகளைப் பார்த்துவிட்டுத்தான் புகழ்ந்தார்கள். இரு தரப்புக்கும் பிடிபடாமல் போனது வேறொன்று. பேச்செல்லாம் ஹிட்லரைச் சுற்றியே நடந்தது. படமோ பிராட்வே என்ற நியூயார்க் நாடகத் தொழிலைப் பற்றியது.

கதையும் அதிலுள்ள கணக்கும்

மேக்ஸ் பியாலிஸ்டாக் ஒரு காலத்தில் பிராட்வேயின் பெரிய நாடகத் தயாரிப்பாளர். இப்போது நொடித்துப்போய், பணக்காரப் பாட்டிகளிடம் காதல் நாடகம் ஆடி, அவர்கள் எழுதித்தரும் காசோலையில் பிழைப்பு நடத்துகிறார். ஜீரோ மொஸ்டல் நடித்த வேடம் இது. அவருடைய கணக்கைச் சரிபார்க்க வரும் பயந்தாங்கொள்ளிக் கணக்கர் லியோ ப்ளூமாக ஜீன் வைல்டர். ஊற்றிக்கொண்ட பழைய நாடகமொன்றின் கணக்கில் 2,000 டாலர் உதைப்பதைப் ப்ளூம் கண்டுபிடிக்கிறார். செலவானது 60,000, திரட்டியது 62,000. அதைச் சரிக்கட்டப் பார்க்கும்போது, போகிற போக்கில் ஒரு வார்த்தை விடுகிறார்: நேர்மையில்லாத ஒருவன், ஓடுகிற நாடகத்தைவிட ஓடாத நாடகத்தில் அதிகம் சம்பாதிக்கலாம்.

இந்தக் கணக்கு உண்மையிலேயே இடிக்காமல் ஓடுகிறது. பிராட்வேயில் பணம் போடுகிறவர்களுக்கு லாபத்தில் பங்கு. நாடகம் ஓடினால் பங்கைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். படுத்துவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், வருமான வரிக்காரர்களும் தோற்றுப்போன நாடகத்தின் ஏட்டைத் தோண்ட மாட்டார்கள். அப்படியானால் லாபத்தில் 25,000 சதவீதத்தை விற்கலாம். முதல் நாள் இரவே மூடிவிடக்கூடிய ஒரு நாடகத்தை மலிவாகப் போட்டுவிட்டு, மிச்சப் பணத்தோடு ரியோவுக்கு விமானம் ஏறலாம்.

ஆக, உலகத்திலேயே மோசமான நாடகம் ஒன்று வேண்டும். கட்டுக்கட்டாகப் பிரதிகளைப் படிக்கிறார்கள். காலையில் எழுந்தபோது பெரிய கரப்பான் பூச்சியாக மாறியிருந்த கிரகர் சம்சாவைப் பற்றிய கதை ஒன்று கைக்கு வருகிறது. பியாலிஸ்டாக் அதை ஒதுக்கிவிடுகிறார், இது நல்லாயிருக்கே என்று. கடைசியில் கிடைப்பது, ஹிட்லரைத் தெய்வமாகக் கும்பிடும் ஃப்ரான்ஸ் லீப்கிண்ட் என்ற ஜெர்மானியர் எழுதிய ‘ஹிட்லருக்கு வசந்தகாலம்’. பிறகு மோசமான இயக்குநர், மோசமான நடிகர். எல்லாம் திட்டப்படி நடக்கிறது. நாடகம் வெற்றி பெற்றுவிடுகிறது.

இந்த மோசடியின் அச்சாணி விமர்சகர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் எதை வெறுப்பார்கள் என்பது தனக்கு அத்துப்படி என்று பியாலிஸ்டாக் நம்புகிறார். முதல் நாள் இரவு ‘நியூயார்க் டைம்ஸ்’ நாடக விமர்சகரின் கையில், நுழைவுச் சீட்டை 100 டாலர் நோட்டில் சுற்றித் திணிக்கிறார். லஞ்சம் கொடுத்து நல்ல விமர்சனம் வாங்க அல்ல. அவரைக் கேவலப்படுத்தி, கோபத்தோடு உள்ளே போகவைக்க. விமர்சனத் தொழிலை இவ்வளவு துல்லியமாகக் கிண்டல் செய்த காட்சி அமெரிக்கப் படங்களில் அதிகம் கிடையாது. மறுநாள் இந்தப் படத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் காட்சியில் சிரிப்பு வந்திருக்கும்?

வெளியீட்டில் நடந்த கூத்து

படப்பிடிப்பு 1967 மே மாதம் நியூயார்க்கில் தொடங்கி எட்டு வாரங்களில் முடிந்தது. செலவு 10 லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவு. ப்ரூக்ஸ் வைத்திருந்த தலைப்பு, நாடகத்துக்குள் நாடகத்தின் பெயரேதான். பணம் போட்ட எம்பஸி நிறுவனத்தின் ஜோசஃப் ஈ. லெவின் ஒத்துக்கொள்ளவில்லை. எந்தத் திரையரங்கு முதலாளி ஹிட்லர் பெயரை வாசலில் விளக்குப் போட்டு எழுதுவார் என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தலைப்பு மாறியது.

1967 நவம்பரில் பிட்ஸ்பர்க் நகரில் முதலில் திரையிட்டார்கள். படுதோல்வி. லெவினுக்கு மேற்கொண்டு செலவு செய்ய மனமில்லை. அந்த நேரத்தில் நடிகர் பீட்டர் செல்லர்ஸ் தனிக் காட்சி ஒன்றில் படத்தைப் பார்த்துவிட்டு, சினிமாத் தொழில் ஏடான ‘வெரைட்டி’யில் படத்தைத் தலையில் தூக்கிவைத்து ஒரு விளம்பரம் கொடுத்தார். நியூயார்க் வெளியீட்டுக்கு அது பெரிய உந்துதலாக இருந்தது. ஆக, இந்தப் படத்துக்குக் கிடைத்த முதல் உருப்படியான விமர்சனம் ஒரு சக நடிகர் கொடுத்த விளம்பரம். பியாலிஸ்டாக்குக்குக்கூடத் தோன்றியிருக்காது.

1968-இன் தீர்ப்புகள்

‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் போஸ்லி க்ரவ்தர் நீண்ட காலம் வகித்த இடத்துக்கு அந்த ஆண்டுதான் ரெனாட்டா ஆட்லர் வந்திருந்தார். அவருடைய விமர்சனம் இரண்டு தட்டிலும் எடை போடுகிறது. படம் தாறுமாறாகக் கலந்த சரக்கு. ஒரு பகுதி மட்டமாகவும் கொச்சையாகவும் குரூரமாகவும் இருக்கிறது. மிச்சப் பகுதி சற்றும் எதிர்பாராத விதத்தில் சிரிக்க வைக்கிறது. மொஸ்டல் அசிங்கமாக மிகையாக நடிக்கிறார், வைல்டர் பிரமாதம் என்பது அவர் கணிப்பு. இதைப் ‘பாதகமான விமர்சனம்’ என்று பலர் எழுதிவைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த வாரத்தில் வந்தவற்றில் நேர்மையானது இதுதான்.

‘தி நியூயார்க்கர்’ இதழில் பாலின் கேல் கடுமையாக எழுதினார். படம் வழக்கத்தை மீறியது போலத் தெரிவதற்குக் காரணம், அது கற்றுக்குட்டித்தனமாக எடுக்கப்பட்டிருப்பதுதான் என்றார். இன்னொன்றும் சொன்னார். மேடை நகைச்சுவையில் இருந்த யூதச் சாயலை முன்பெல்லாம் திரைக்கதையில் ஏற்றும்போது எடுத்துவிடுவார்கள். இப்போது தொலைக்காட்சி நகைச்சுவைக் கலைஞர்கள் தங்கள் இனத்தைப் பற்றிய தேய்ந்த அச்சாகத் தங்களையே காட்டி விற்பதால், திரைக்கதைக்காரர்களும் அதைத் தேடிப்பிடித்துச் சேர்க்கிறார்கள்.

கேலைக் கட்டுப்பெட்டி என்று ஒதுக்க முடியாது. சில மாதங்களுக்கு முன்புதான் ‘பானி அண்ட் க்ளைட்’ படத்தை அதன் வன்முறைக்காகத் திட்டியவர்களுக்கு எதிராக நின்று வாதாடியிருந்தார். உயர்ந்த ரசனை என்ற பெயரில் வரும் சலிப்பான படங்களைவிட உயிருள்ள மலிவுச் சரக்கு மேல் என்பது அவருடைய கட்சி. அப்படிப்பட்டவருக்கே இது பிடிக்கவில்லை என்றால், அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டது கொச்சைக்காக அல்ல, தொழில்நுட்பத்துக்காக. அந்த இடத்தில் அவர் சொன்னது சரி. ப்ரூக்ஸுக்கு அப்போது காமிராவை எங்கே வைப்பது என்பது தெரியவில்லை. மொஸ்டலின் முகத்துக்கு மிக அருகில் வைக்கிறார். பிராட்வேயில் 1964-இல் ‘ஃபிட்லர் ஆன் தி ரூஃப்’ நாடகத்தில் தெவ்யாவாக, கடைசி வரிசைக்கும் எட்டும்படி நடித்த உடம்பு அது. அதை அண்மைக் காட்சியில் பார்க்கும்போது வியர்வையும் எச்சிலும்தான் முதலில் தெரிகின்றன.

ஆனால் அந்த அண்மையில் ஒரு லாபமும் உண்டு. தொடக்கத்து நீண்ட அலுவலகக் காட்சியில் ப்ளூம் தன் சின்ன நீலத் துணியைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு கதறுகிறார். பியாலிஸ்டாக் அவர் முகத்தில் தண்ணீரை வீசியடிக்கிறார். இப்போது வெறியும் பிடித்திருக்கிறது, நனைந்தும் விட்டேன் என்று இன்னும் கத்துகிறார். மொஸ்டலின் ஆளை விழுங்கும் பெரிய முகம் அங்கே இல்லையென்றால் வைல்டரின் பயம் நம்பும்படி இருக்காது. ஆட்லர் ஒருவரைத் திட்டி மற்றவரைப் புகழ்ந்தார். இருவரையும் பிரித்து எடை போட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ‘வெரைட்டி’ இதைப் பிடித்தது: மொஸ்டலும் வைல்டரும் தனியாக இருக்கும் காட்சிகளுக்கு இணையே இல்லை என்று அது எழுதியது. வைல்டருக்குத் துணை நடிகர் பிரிவில் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, மொஸ்டலுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைக்கவில்லை.

‘தி நியூ ரிபப்ளிக்’ இதழில் ஸ்டான்லி காஃப்மன், படம் போகப்போக ஊதி நீர்த்துவிடுகிறது என்றார். நாடகக் காட்சியைப் பற்றி அவர் சொன்னது வேடிக்கையானது: அது ரசனைக்கேடு என்ற அளவைக்கூட எட்டவில்லையாம். ஜான் சைமன் ஒரே வரியில் முடித்துவிட்டார். நகைச்சுவைப் படத்தை எப்படி எடுக்கக் கூடாது என்பதற்கு இது ஒரு மாதிரி. சைமன் யாரையும் விட்டுவைத்தவரில்லை, ஆகவே இதைத் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ‘டைம்’ இதழ் படத்தின் பல பகுதிகளைச் சிரித்து மாளாதவை என்று பாராட்டிவிட்டு, முடிவில் உணர்ச்சி கொட்டி நீர்த்துப்போகிறது என்று குறைபட்டது.

சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் பிற்பாடு சொன்ன ஒரு சம்பவமும் இந்த ஆவணத்தில் இருக்க வேண்டும். படம் வந்த புதிதில் நியூயார்க்கில் ஒரு மின்தூக்கியில் ப்ரூக்ஸோடும் அவர் மனைவி ஆன் பான்க்ராஃப்டோடும் ஈபர்ட் நின்றிருந்தார். உள்ளே வந்த ஒரு பெண்மணி ப்ரூக்ஸை அடையாளம் கண்டுகொண்டு, உங்கள் படம் கொச்சையாக இருக்கிறது என்றார். ப்ரூக்ஸ் சொன்ன பதில்: “அம்மணி, அது கொச்சைக்கும் கீழே உயர்ந்து நிற்கிறது.” ஈபர்ட் படத்தை மிகச் சிரிக்கவைக்கும் படங்களில் ஒன்றாகக் கருதினார்.

ஹிட்லரை வைத்துச் சிரிக்கலாமா

இந்தக் கேள்வி ப்ரூக்ஸுக்கு முன்பே வந்துவிட்டது. சாப்ளின் 1940-இல் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ எடுத்தார். வதைமுகாம்களில் நடந்தது அப்போது தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது என்று 1964-இல் வந்த தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். எர்ன்ஸ்ட் லூபிட்ச் 1942-இல் எடுத்த ‘டு பி ஆர் நாட் டு பி’ படத்தில் நாஜிகளும் நாடகக் கம்பெனியும் கலந்தபோது, இரக்கமில்லாத சிரிப்பு என்று க்ரவ்தர் அதே ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் கண்டித்தார். இன்று அந்தப் படத்தைக் குறை சொல்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ப்ரூக்ஸ் 1983-இல் அதன் மறு ஆக்கத்தில் நடித்தார், மனைவியோடு.

1968-இல் நிலைமை வேறு. முகாம்களைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். யூதப் படுகொலையில் பெரும் பங்கு வகித்த நாஜி அதிகாரி ஐக்மன் மீதான வழக்கு 1961-இல் நடந்து, சாட்சியங்கள் உலகெங்கும் ஒளிபரப்பாகியிருந்தன. மறுபக்கம், 1965 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜெர்மன் போர்க்கைதி முகாம் ஒன்றை வைத்து வாராவாரம் ஒரு நகைச்சுவைத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் இவ்வளவு பேர் பாயவில்லை. மென்மையான கொச்சைக்கு எப்போதும் சலுகை உண்டு போலிருக்கிறது.

யூத அமைப்புகளிலிருந்தும் மதகுருக்களிடமிருந்தும் ப்ரூக்ஸுக்குக் கண்டனக் கடிதங்கள் வந்தன. அவர் பதில் எழுதினார். யூதர், இரண்டாம் உலகப் போரில் கண்ணிவெடி அகற்றும் பொறியாளர் பிரிவில் போர்முனைக்குப் போனவர். பேச அவருக்குத் தகுதி இருந்தது. அவருடைய வாதம், பிறகு வந்த எல்லாப் பேட்டிகளிலும் தொடர்ந்தது: சர்வாதிகாரியோடு மேடை ஏறிப் பேச்சில் போட்டி போட்டால் தோற்போம், அவனைக் கேலிப் பொருளாக்கினால் ஜெயிப்போம்.

பேட்டிக்கு இது பொருந்தும். படத்துக்கு முழுதாகப் பொருந்தவில்லை. படத்தில் ஹிட்லர் என்ற ஆள் அதிகம் அடி வாங்குவதே இல்லை. வாங்குவது வேறு ஆட்கள். கென்னத் மார்ஸ் நடித்த லீப்கிண்ட் தன் தலைவனை எப்படிப் புகழ்கிறார் பாருங்கள். அவர் ஓவியராம்: ஒரு பிற்பகலில் ஒரு வீடு முழுக்க வண்ணம் அடித்துவிடுவாராம், அதுவும் இரண்டு பூச்சு. சர்ச்சிலைவிட அழகாம், நன்றாக உடுத்துவாராம், தலைமுடி அதிகமாம், நகைச்சுவை நன்றாகச் சொல்வாராம், ஆட்டத்தில் சர்ச்சிலைத் தூக்கி அடித்துவிடுவாராம். இது அரசியல் பேச்சே இல்லை. ஒரு நடிகனுக்கு வாய்ப்புக் கேட்டு அவன் முகவர் பேசுகிற பேச்சு. இயக்குநர் ரோஜர் டி ப்ரிஸ் இன்னும் ஒரு படி மேல். ஹிட்லர் ஆட்சியைக் குறிக்கும் ‘மூன்றாவது ரைக்’ என்றால் ஜெர்மனி என்பதே பிரதியைப் படித்த பிறகுதான் அவருக்குத் தெரிகிறது, சரித்திரச் சுவை சொட்டுகிறது என்று மெய்சிலிர்க்கிறார். ஒரே ஒரு திருத்தம் மட்டும் கேட்கிறார்: மூன்றாம் அங்கத்தை மாற்ற வேண்டும். அதில் போரில் தோற்கிறார்களே, சோகமாக இருக்கிறதாம்.

இவர்களில் யாரும் நாஜிக் கொள்கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. எதைக் கொடுத்தாலும் பாட்டும் ஆட்டமுமாக மாற்றிவிடுகிற ஒரு தொழிலின் மனிதர்கள் அவர்கள். ஹிட்லரைக் கேலி செய்யலாமா கூடாதா என்று சண்டை போட்டவர்கள், கேலி யார் மேல் விழுகிறது என்பதைப் பார்க்காமலே சண்டை போட்டார்கள்.

அந்தப் பாட்டு

‘ஹிட்லருக்கு வசந்தகாலம்’ நாடகத்தின் தொடக்கப் பாட்டு. திரை தூக்குகிறது. ஆல்ப்ஸ் மலைப் பின்னணி, நாட்டுப்புற உடையில் பாடகர்கள். பிறகு படிக்கட்டில் பெண்கள் இறங்கி வருகிறார்கள், மார்பிலும் தலையிலும் ப்ரெட்ஸல் என்ற முறுக்கு ரொட்டியும் பீர்க் குவளையும் கழுகுமாக. கறுப்புச் சீருடைக்காரர்கள் தாளம் தப்பாமல் காலணி தட்டி ஆடுகிறார்கள். உச்சியிலிருந்து பார்க்கும் காமிராவுக்குக் கீழே ஆட்டக்காரர்கள் ஸ்வஸ்திகாவாகச் சேர்ந்து சுழல்கிறார்கள். 1930-களின் இசைப்படங்களில் பஸ்பி பெர்க்லி பூவும் நட்சத்திரமுமாகச் செய்த அதே வித்தை. பாட்டை எழுதி மெட்டமைத்தவர் ப்ரூக்ஸே. நடன அமைப்பு ஆலன் ஜான்சன்.

இதில் சிரிப்பு வருவதற்குக் காரணம், வேலை சுத்தமாக இருப்பது. மெட்டு மனதில் ஒட்டிக்கொள்கிறது. கால்கள் ஒன்றாக விழுகின்றன. மற்ற இடங்களில் தடுமாறும் காமிரா இங்கே தடுமாறவில்லை. காஃப்மன் இதில் ரசனைக்கேடுகூட இல்லை என்றது குறையாகச் சொன்னது, ஆனால் கவனிப்பு சரியானது: இந்தக் காட்சி நல்ல ரசனையின் எல்லா விதிகளையும் பின்பற்றுகிறது. மோசமான இயக்குநரைத் தேடிப்பிடித்துக்கொண்டு வந்தும் பிராட்வேயின் இயந்திரம் தன் பாட்டுக்கு ஓடி, பளபளப்பான பண்டத்தைத் தள்ளிவிடுகிறது. கேவலம் அந்தப் பளபளப்பில் இருக்கிறது. படத்தை மோசமாக எடுத்தார் என்று கேல் சொன்னதை ஒத்துக்கொண்டாலும், இந்தச் சில நிமிடங்களுக்கு அது பொருந்தாது.

பாட்டு முடிகிறது. காமிரா பார்வையாளர்கள் பக்கம் திரும்புகிறது. வாய் பிளந்தபடி, அசைவில்லாமல் வரிசை வரிசையாக மனிதர்கள். சிலர் எழுந்து வெளியேறத் தொடங்குகிறார்கள். மதுக்கடைக்கு ஓடிக் கொண்டாடும் பியாலிஸ்டாக்குக்கு வேலை முடிந்துவிட்டது.

சரி, அப்புறம் ஏன் நாடகம் வெற்றி பெறுகிறது? மேடையில் ஹிட்லராக லொரென்சோ செயின்ட் டுபாய்ஸ் வருகிறார், சுருக்கமாக எல்.எஸ்.டி., ஒரு போதைப்பொருளின் பெயர். டிக் ஷான் நடித்த ஹிப்பி. ஹிட்லர் ‘பேபி, பேபி’ என்று வழிகிறார். எழுந்து போனவர்கள் நின்று திரும்பிப் பார்க்கிறார்கள், ஓ, இது கிண்டல் என்று புரிந்துகொள்கிறார்கள், மறுபடி உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

இங்கேதான் இந்த வழக்கின் வினோதம். திரையில் இருக்கும் பார்வையாளர்கள் பாட்டைப் பார்த்து உறைகிறார்கள், எல்.எஸ்.டி.யைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நிஜத் திரையரங்கில் நடந்ததும் இன்றுவரை நடப்பதும் நேர் தலைகீழ். பாட்டுக்கு அரங்கம் அதிர்கிறது. எல்.எஸ்.டி. வந்ததும் சத்தம் அடங்குகிறது. படம் போகப்போக ஊதி நீர்க்கிறது என்று காஃப்மன் எழுதியபோது அவர் மனதில் எந்த இடம் இருந்ததோ, எனக்கு இந்த இடம்தான் நினைவுக்கு வருகிறது. 1967-இன் ஹிப்பிக் கேலி, 1968-லேயே பழைய சரக்கு. கதையின் திருப்பம் முழுவதும் அதன் மேல் நிற்பதால், கதையும் அங்கே ஆடிப்போகிறது. ஒரு நாடகம் எப்படி வெற்றி பெற்றது என்பதற்குப் படம் காட்டும் காரணத்தை நாம் நம்புவதில்லை. ஆனால் படமே எப்படி வெற்றி பெற்றது என்பதற்கான காரணத்தை, தான் தோல்விக்கென்று வைத்த பாட்டில், அது கொடுத்துவிடுகிறது.

“தப்பான நாடகம், தப்பான இயக்குநர், தப்பான நடிகர்கள்... எங்கே சரியாகப் போயிற்று?” என்று பியாலிஸ்டாக் புலம்புகிறார். படத்துக்கும் அதே கேள்வியைப் போடலாம், விடை அவர் எதிர்பார்த்த இடத்தில் இருக்காது.

2001: அதே பாட்டு, வேறு கூட்டம்

2001 ஏப்ரல் 19 அன்று படம் பிராட்வேக்கே போய்ச் சேர்ந்தது, இசை நாடகமாக. செயின்ட் ஜேம்ஸ் அரங்கு, நேதன் லேனும் மேத்யூ ப்ராடரிக்கும், இயக்கமும் நடனமும் சூசன் ஸ்ட்ரோமன். பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருதுகள் 12, அதுவரை எந்த நிகழ்ச்சிக்கும் கிடைக்காத எண்ணிக்கை. 2,502 காட்சிகள் ஓடியது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள்.

மாற்றங்களில் ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. எல்.எஸ்.டி. பாத்திரத்தையே ப்ரூக்ஸ் தூக்கிவிட்டார். புதிய வடிவத்தில் ஹிட்லராக நடிக்க வேண்டிய லீப்கிண்டின் கால் முறிந்துவிட, இயக்குநர் டி ப்ரிஸே அந்த வேடத்தில் பாட்டுக்குள் நுழைகிறார். சிரிப்பும் கதையின் திருப்பமும் ஒரே இடத்துக்கு வந்துவிடுகின்றன. யாருடைய விமர்சனத்தைப் படித்து மாற்றினாரோ, அல்லது 33 ஆண்டுகளாக அரங்குகளில் சிரிப்பு எங்கே வருகிறது என்று கேட்டே மாற்றினாரோ, 1968-இன் குறைக்கு இதைவிட வெளிப்படையான ஒப்புதல் இருக்க முடியாது.

கைவேலை மேம்பட்டது. அதிர்ச்சி போய்விட்டது. செயின்ட் ஜேம்ஸ் அரங்குக்கு வந்தவர்கள் அந்தப் பாட்டுக்காகவே வந்தவர்கள். முதல் வரியிலேயே கைதட்டினார்கள். இந்த நாடகத்தைப் பார்த்து ஒரு கூட்டம் வெகுண்டு எழுந்து போகும் என்ற கதையின் அஸ்திவாரத்தை அந்த அரங்கில் யாரும் நம்பியிருக்க முடியாது. அந்த ஆண்டு அக்டோபரில் தயாரிப்பாளர்கள் 480 டாலர் விலையில் சிறப்பு இருக்கைகளை விற்கத் தொடங்கினார்கள், சட்டப்படியே. பியாலிஸ்டாக் பட்ட கஷ்டமெல்லாம் வீண். 2005-இல் இதையே மறுபடி படமாக எடுத்தபோது, மேடையை அப்படியே பிடித்துவைத்தது போல இருக்கிறது என்று விமர்சகர்கள் சோர்ந்துபோனார்கள். மேடைக்குப் பொருத்தமான நடிப்பு காமிராவுக்குப் பெரிது என்ற 1968-இன் குறை, மறுபடியும் அதே குறை.

2009-இல் இசை நாடகம் பெர்லினுக்குப் போனது. அட்மிரல்ஸ்பலாஸ்ட் அரங்கு, ஹிட்லர் வந்து உட்கார்ந்த இடம். வாசலில் தொங்கிய நாஜிப் பாணிக் கொடிகளில் ஸ்வஸ்திகா இருக்க வேண்டிய வட்டத்தில் ப்ரெட்ஸல் இருந்தது. நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதற்கு ஜெர்மனியில் சட்டத் தடை உண்டு.

எந்தக் குற்றச்சாட்டுகள் இன்னும் நிற்கின்றன

ஆட்லர் ‘குரூரம்’ என்று எழுதினாரே, அந்த வார்த்தை எனக்கு ஹிட்லர் காட்சியில் தைக்கவில்லை. பாட்டிகளிடம் தைக்கிறது. படத்தின் தொடக்கத்தில் வயதான பெண்களின் ஆசையே ஒரு நகைச்சுவை. சுருக்கம் விழுந்த முகங்களைக் காட்டினால் போதும், சிரிப்பு வந்துவிடும் என்று படம் நினைக்கிறது. எஸ்டெல் வின்வுட் என்ற தேர்ந்த நடிகை அந்த வேடத்துக்குள் தானாக ஒரு குறும்பைக் கொண்டுவந்து காப்பாற்றுகிறார், எழுத்து காப்பாற்றவில்லை. பியாலிஸ்டாக் அலுவலகத்தில் அமர்த்தும் ஸ்வீடன்காரி உல்லாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, வேலையும் தெரியாது, ஆட மட்டும் தெரியும். டி ப்ரிஸும் அவர் உதவியாளரும் ஓரினச் சேர்க்கையாளர்கள் என்பதே அவர்கள் மேல் சொல்லப்படும் மொத்த நகைச்சுவையும். அப்போதைய விமர்சகர்களில் பெரும்பாலோர் ஹிட்லரைப் பற்றிக் கவலைப்பட்ட நேரத்தில் இவையெல்லாம் அலட்டாமல் கடந்துபோயின. அதிகாரத்தில் இருந்தவனைக் கேலிப் பொருளாக்குகிறேன் என்று ப்ரூக்ஸ் சொன்ன நியாயம் இந்தப் பாத்திரங்களில் எதற்கும் உதவாது.

‘டைம்’ சொன்ன முடிவுக் குறைக்குப் பாதி மதிப்பெண் கொடுப்பேன். அரங்கை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்துப் பிடிபட்ட பிறகு, நீதிமன்றத்தில் ப்ளூம் எழுந்து, பியாலிஸ்டாக் தன் வாழ்க்கையையே மாற்றிய நண்பர் என்று உருகுகிறார். வைல்டர் உண்மையாக நடிக்கிறார், அதனாலேயே காட்சி வேறு படத்திலிருந்து வந்தது போலத் தெரிகிறது. ஆனால் படம் அங்கே நிற்பதில்லை. சிறைக்குள் கைதிகளை வைத்து ஒரு புதிய இசை நாடகத்துக்கு ஒத்திகை நடக்கிறது, பியாலிஸ்டாக் நடத்துகிறார். நீதிமன்றத்தில் கண்கலங்கப் பேசிய அதே ப்ளூம் ஒரு மூலையில் உட்கார்ந்து, கைதிகளுக்கும் சிறை அதிகாரிக்கும் லாபப் பங்குகளை விற்றுக்கொண்டிருக்கிறார், நூறு சதவீதத்துக்கு மேல். ‘டைம்’ இதழ் முந்தைய காட்சியோடு தீர்ப்பை எழுதிவிட்டது.